கேனான் 6டி, 200டி கேமரா இரண்டிலும் ஒரே மாதிரி படம் வர எந்த லென்ஸ்?

வணக்கம். கும்பகோணத்தில் கல்யாணப் படம் எடுக்கிறேன். என்னிடம் கேனான் 6டி (ஃபுல் ஃப்ரேம், அதாவது பெரிய சென்சார்), 200டி (ஏபிஎஸ்-சி, அதைவிடச் சின்ன சென்சார்), ஒரு 50 மிமீ எஃப் 1.8 லென்ஸ். போன மாதம் முகூர்த்தத்துக்கு நடுவில் 6டி பேட்டரி தீர்ந்துபோக, அதே லென்ஸை 200டியில் மாட்டினேன். அங்கே ஆரம்பித்தது வினை.

மணமேடைக்கு 12 அடியில் நின்றிருந்தேன். 200டியில் மாமியார் பாதி வெட்டுப்பட்டார். 19 அடிக்குப் பின்வாங்கியதும் எல்லோரும் அடங்கினார்கள், ஆனால் ஜோடிக்கு 6 அடி பின்னாலிருந்த தூண் 6டி படத்தில் இருந்ததைவிடப் பெரிதாக, தோளில் ஒட்டிக்கொண்டது போல் வந்தது. ஆல்பத்தில் இரண்டு படமும் பக்கத்துப் பக்கத்தில். பெண்ணின் அப்பா கேட்டேவிட்டார், "இது வேற மண்டபமா தம்பி?"

அப்புறம் வீட்டில் சோதித்தேன். 6டி படத்தை 1.6 மடங்கு கிராப் செய்தால் (ஓரங்களை வெட்டினால்) 12 அடியில் எடுத்த 200டி படமேதான். ஆக, சென்சார் பார்வைக் கோணத்தை மட்டும் சுருக்குகிறது (அகலவாட்டில் சுமார் 40 டிகிரி 25 ஆகிறது). தூணைப் பெரிதாக்கியது நான் நகர்ந்த 7 அடி. 18-55 கிட் லென்ஸை 31 மிமீயில் வைத்து 12 அடியிலேயே நின்றால் தூண் சரியாக வருகிறது. ஆனால் எஃப் எண் குறையக் குறையத்தான் பின்னணி மங்கும்; இந்த லென்ஸ் அங்கே எஃப் 4.5க்குக் கீழே போகாததால் பின்னாலிருக்கும் சீரியல் பல்பெல்லாம் மங்காமல் துல்லியமாகத் தெரிகிறது.

6டியில் 50 மிமீ, எஃப் 2.8ல் கிடைக்கும் கோணமும் பின்னணி மங்கலும் 200டியில் அதே இடத்திலிருந்து வர, 30 மிமீ எஃப் 1.4 லென்ஸ் வாங்கினால் போதுமா?