இனப்படுகொலைகளிலிருந்து உயிர் தப்பியவர்களின் சாட்சியங்களைப் படித்தபோது உங்கள் மனத்தில் தங்கியது எது?

படிவம் ஆறு மாணவி, சுங்கை சிப்புட்

இங்கே பலரும் இந்தச் சாட்சியங்களைப் படித்திருப்பீர்கள் என்பதால் நேரே விஷயத்துக்கு வருகிறேன். பள்ளிப் பணிக்காக நான் எடுத்துக்கொண்டது கம்போடியா. 1975 ஏப்ரல் முதல் 1979 ஜனவரி வரை அங்கே கெமர் ரூஜ் என்ற கம்யூனிஸ்ட் இயக்கம் நடத்திய ஆட்சி ஏறத்தாழ 17 லட்சம் பேரின் உயிரைக் குடித்தது. புனோம் பென்னில் இருந்த எஸ்-21 சிறை, அதற்கு முன்பு ஓர் இடைநிலைப்பள்ளி. வகுப்பறைகளைச் செங்கல் வைத்துத் தடுத்து, ஆள் படுக்கும் அகலத்துக்குக் கூண்டுகளாக்கினார்கள். 12,000க்கும் மேற்பட்டோர் உள்ளே கொண்டுபோகப்பட்டார்கள். பிழைத்தவர்கள் மிகச் சிலர். சிறையை நடத்திய டூச் கணித ஆசிரியராக இருந்தவர். கைதிகளின் வாக்குமூலங்களின் ஓரத்தில் அவர் தம் கைப்படக் குறிப்புகள் எழுதுவார் என்று படித்தபோது, மதிப்பெண் இட்டுத் திரும்பி வந்திருந்த என் கணிதத் தாள் மேசைமேல் கிடந்தது. அதை எடுத்துப் பைக்குள் வைத்த பிறகுதான் மேலே படிக்க முடிந்தது.

ஆனால் என்னை இன்றுவரை விடாதவர் சும் மே என்ற மெக்கானிக். அமெரிக்க, ரஷ்ய உளவுத்துறைகளின் ஆள் என்று குற்றம் சாட்டி, அவர் ஒப்புக்கொள்ளும்வரை சித்திரவதை செய்தார்கள். அந்த அமைப்புகள் என்னவென்றே அதற்கு முன்பு அவருக்குத் தெரியாது. தையல் இயந்திரங்களையும் தட்டச்சுப் பொறிகளையும் பழுது பார்க்கத் தெரிந்ததால்தான் அவரைக் கொல்லாமல் வைத்திருந்தார்கள். பிறருடைய பொய் வாக்குமூலங்கள் அச்சேறும் பொறியைச் சரிசெய்து கொடுத்து அவர் உயிரோடு இருந்திருக்கிறார்.

அப்பா செம்பனை ஆலையில் ஃபிட்டர். இதைச் சொன்னதும், "பார்த்தாயா அம்மா, கைத்தொழில் ஒன்று இருந்தால் எங்கேயும் பிழைத்துக்கொள்ளலாம்," என்றார். தோட்டத்தில் பிறந்து, ஆலையில் தன் கையாலேயே முன்னேறியவர் அப்படித்தான் நினைப்பார். அவரை எதிர்த்துப் பேச எனக்கு மனம் வரவில்லை. ஆயினும் அந்தப் பாடத்தை என்னால் ஏற்க முடியவில்லை. அந்தச் சிறையில் கைத்தொழில் தெரிந்தவர் சும் மே ஒருவராக மட்டும் இருந்திருக்க முடியாது. ஆசிரியர்களும் மருத்துவர்களும் படித்தவர்கள் என்பதற்காகவே தேடிக் கொல்லப்பட்ட நாடு அது. பிழைத்தவரிடம் ஏதோ ஒரு சிறப்பு இருந்தது என்று நாம் சொல்லும்போது, மாண்டவரிடம் அது இல்லை என்றும் சேர்த்தே சொல்லிவிடுகிறோம். 2009இல் சும் மேயும், ஓவியர் வான் நாத்தும் டூச்சின் முன்னிலையில் நீதிமன்றத்தில் நின்று நடந்ததைச் சொன்னார்கள். நான் கற்றுக்கொள்ள விரும்புவது அந்த 30 ஆண்டுக் காத்திருப்பிலிருந்துதான். உங்களுக்கு எது தங்கியது?

முன்னாள் தோட்டவாசி, இப்போது ஈப்போ

தங்கை, உங்கள் கேள்விக்கு விடை தேட நான் கம்போடியாவரை போக வேண்டியதில்லை. எங்கள் தாத்தா சயாம் ரயிலிலிருந்து, அதாவது இரண்டாம் உலகப்போரில் ஜப்பானியர்கள் சயாமிலிருந்து பர்மாவுக்குப் போட்ட ரயில்பாதை வேலையிலிருந்து, திரும்பி வந்தவர். நல்ல கூலி தருகிறோம் என்று ஆசை காட்டியும், பிறகு வலுக்கட்டாயமாகவும் ஜப்பானியர்கள் தோட்டம் தோட்டமாக ஆள் பிடித்துப்போன கதை இங்கே எல்லார் வீட்டிலும் உண்டு. 415 கிலோமீட்டர் பாதை. 1943 அக்டோபரில் அதை இணைத்து முடிப்பதற்குள் காலராவிலும் பசியிலும் மாண்ட ஆசியத் தொழிலாளர்களை யாரும் சரியாக எண்ணிக்கூட வைக்கவில்லை.

தாத்தா அதைப்பற்றி வாய் திறந்ததே இல்லை. ஆனால் நாங்கள் லயத்து வாசலில் விளையாடிவிட்டு உள்ளே வந்தால், ஒவ்வொருவரையும் பெஞ்சின்மேல் நிற்கவைத்து, விளக்கை அருகில் பிடித்து முழங்காலுக்குக் கீழே விரலால் தடவிப் பார்ப்பார். சின்னக் கீறல் இருந்தாலும் சுடுதண்ணீரும் மஞ்சளும்தான். நாங்கள் அலறினாலும் விடமாட்டார். கிழவருக்குப் பித்து என்று அத்தைகூடச் சொல்வார். மூங்கில் கீறிய இடம் புண்ணாகி, எலும்புவரை அழுகி, அந்தக் காடுகளில் ஆயிரக்கணக்கானோர் கால் இழந்ததையும் உயிர் இழந்ததையும் கல்லூரியில் படித்த அன்றுதான் தாத்தாவின் விரல் எங்கள் கால்களில் எதைத் தேடியது என்று எனக்குத் தெரிந்தது. அதற்குள் அவர் போய்ச் சேர்ந்துவிட்டார்.

பணி ஓய்வு பெற்ற வரலாற்று ஆசிரியர், சுங்கை சிப்புட்

தம்பியின் தாத்தாவை வணங்குகிறேன். ஆனால் இங்கே பேசப்படுவது இனப்படுகொலை. சயாம் ரயில் கொடிய போர்க்குற்றம் என்றாலும் அந்தச் சட்ட வரையறைக்குள் வராது. 1948 டிசம்பர் 9ஆம் நாள் ஐ.நா. ஏற்ற உடன்படிக்கை, ஓர் இனத்தையோ மதத்தினரையோ முழுமையாகவோ பகுதியாகவோ அழிக்கும் நோக்கம் இருந்ததா என்று கேட்கிறது. மலேசியாவும் 1994இல் அதில் இணைந்தது. மாணவி எழுதிய டூச்கூட மானுடத்துக்கு எதிரான குற்றங்களுக்காகவும் போர்க்குற்றங்களுக்காகவுமே தண்டிக்கப்பட்டார். அவரை விசாரித்த நீதிமன்றத்தின் இனப்படுகொலைத் தீர்ப்பு 2018இல்தான் வந்தது, அதுவும் சாம் முஸ்லிம்களுக்கும் வியட்நாமியருக்கும் எதிரான குற்றங்களுக்காக. துயரத்தின் அளவை வைத்துப் பெயரிட்டால், நீதிமன்றத்தில் பிழைத்தவர்களின் வழக்கே பலவீனப்படும்.

என் அனுபவம் சிறியது. எங்கள் தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) புல் வெட்ட வரும் ரோஹிங்கியா இளைஞரிடம், மியன்மாரிலிருந்து துரத்தப்பட்ட முஸ்லிம் சிறுபான்மையினரில் ஒருவரிடம், ஊர் எது என்று கேட்டேன். பதில் சொல்லாமல் இயந்திரத்தை மீண்டும் முடுக்கிவிட்டார்.

ஆகவே மாணவர்களுக்குச் சில சொல்ல விரும்புகிறேன். பிழைத்தவர்களைச் சந்திக்கப் போகுமுன் அந்த நாட்டின் வரலாற்றைப் படித்துவிட்டுப் போங்கள்; அடிப்படையை அவர் வாயிலிருந்து கறக்காதீர்கள். கேள்விகளை முன்கூட்டியே எழுதி, எவற்றுக்குப் பதில் சொல்ல விருப்பம் என்று அவரிடமே கேளுங்கள். அனுமதி இல்லாமல் கைப்பேசியில் பதிவு செய்யாதீர்கள். ஆவணம் இல்லாமல் வாழும் ஒருவரின் முகமோ பெயரோ வெளியே போனால் அவருக்கு நேரக்கூடியதற்கு நீங்கள் பொறுப்பேற்க முடியாது. தேதிகள் முன்பின் மாறினால் குறுக்கிட்டுத் திருத்த வேண்டாம். தனியே குறித்து வைத்துப் பிறகு ஒப்பிடுங்கள். நம் தோட்டத்து முதியவர்களிடமும் இதே ஒழுங்கு வேண்டும். பிறந்ததிலிருந்து இந்த மண்ணில் இருந்தும் குடியுரிமை இல்லாத நிரந்தரவாசிகளுக்கான சிவப்பு அடையாள அட்டையோடு கண்மூடியவர்கள் நம்மிடையே உண்டு. அவர்களுடைய பிறப்புப் பத்திரத்தையும், தோட்டத்து வேலைப் பதிவையும், பழைய படங்களையும் பிள்ளைகள் இப்போதே பத்திரப்படுத்த வேண்டும்.

மளிகைக்கடை நடத்துபவர், சுங்கை சிப்புட்

ஐயா, பெயர் எதுவென்பதை நீதிமன்றம் தீர்மானிக்கட்டும், அதில் உங்களோடு எனக்கு வழக்கில்லை. ஆனால் தம்பி தம் வீட்டுக் கதையைச் சொன்ன இடத்தில் வரையறை சொன்னது எனக்கு வருத்தமாக இருந்தது. கேள்விகளை எழுதி எடுத்துக்கொண்டு போகச் சொல்கிறீர்களே, அதுவும் எல்லாரிடமும் நடக்காது.

என் கடையில் அரிசி மூட்டை இறக்க வந்த ரோஹிங்கியாக்காரர் ஒருவர், ஒருநாள் தாமாகவே கைப்பேசியை என் முன்னால் நீட்டினார். வானிலிருந்து எடுத்த படம். 2017 ஆகஸ்டில் மியன்மார் ராணுவம் தொடங்கிய தாக்குதலுக்குப் பிறகு எரிந்து கிடந்த அவருடைய ஊர். எனக்குச் சாம்பல் நிறத் திட்டுகள்தாம் தெரிந்தன. அவர் விரலால் படத்தைப் பெரிதாக்கி, இது மசூதி, இது மாமா வீடு, இது எங்கள் கிணறு என்று மலாயில் சொல்லிக்கொண்டே போனார். மியன்மாரின் 1982ஆம் ஆண்டுச் சட்டம் ரோஹிங்கியாக்களுக்குக் குடியுரிமையே இல்லாமல் செய்ததும், ஏழு லட்சத்துக்கும் மேற்பட்டோர் எல்லை தாண்டி வங்காளதேசத்துக்கு ஓடியதும் எனக்கு முன்பே தெரியும். அவரிடம் அவற்றில் எதையும் நான் கேட்கவில்லை. அந்தக் கிணற்றில் கோடையிலும் தண்ணீர் இருக்குமா என்று மட்டும் கேட்டேன். அதற்குக் கடை அடைக்கும் நேரம்வரை பதில் சொல்லிக்கொண்டிருந்தார்.