நாளைக்கு பிசி பார்ட்ஸ் வாங்க ரிச்சி ஸ்ட்ரீட் போறேன், இந்த லிஸ்ட் ஒண்ணோட ஒண்ணு சேருமா? அவசரம்

வடபழனி_கேமர் · இரவு 9:12
முதல் பிசி. நானே மாட்டப் போறேன். ரைசன் 5 பிராசசர், பி650எம் மதர்போர்டு, ஆர்டிஎக்ஸ் 4060 கிராபிக்ஸ் கார்டு, 1 டிபி எஸ்எஸ்டி, 550 வாட் பவர் சப்ளை. ரேம் 16 ஜிபி கைல இருக்கு, அதுக்குச் செலவில்ல. சேருமா சேராதான்னு மட்டும் சொல்லுங்க, காலைல கிளம்பணும்.

திருகாணி · 9:20
எந்த ரைசன் 5? 5600ன்னா ஏஎம்4 சாக்கெட் (பிராசசர் உக்கார்ற இடம்), பி650ல இருக்கிறது ஏஎம்5, அதுல உக்காரவே உக்காராது. 7600ன்னா பிரச்சனையே இல்ல, பெட்டிலயே கூலரும் வரும். 9600எக்ஸ்னா கூலர் தனியா வாங்கணும். போர்டு பழைய ஸ்டாக்கா இருந்தா பயாஸும் (போர்டை எழுப்பிவிடுற மென்பொருள்) புதுசா ஏத்தணும், இல்லன்னா ஃபேன் சுத்தும், படம் வராது. ரேம் என்ன வகை? கேபினெட் எது?

மின்தடை · 9:26
யூபிஎஸ் எத்தனை விஏ? இதை யாருமே கேக்க மாட்டாங்க, அப்புறம் பிசி தானா ரீஸ்டார்ட் ஆகுதுன்னு வந்து நிப்பாங்க. 600 விஏன்னு போட்டிருந்தா பெரும்பாலும் 360 வாட்தான் தரும். 4060க்கு 115, 7600க்கு முழு லோடுல 88, போர்டு, ஃபேன், மானிட்டர் எல்லாம் சேந்தா 300ஐ நெருங்கும். கரண்ட் போற அந்த நொடியில சின்ன யூபிஎஸ் கைவிட்டுடும். 1000 விஏக்குக் கீழ போகாதீங்க.

பழைய_சிலிக்கான் · 9:41
‘ரேம் 16 ஜிபி’ என்பது ஒரு விவரமே இல்லை. டிடிஆர்4-ஆ, டிடிஆர்5-ஆ? இதுகூடத் தெரியாமல் கடைக்குப் போனால் கடைக்காரர் உங்கள் தலையில் கட்டுவதைத்தான் தூக்கிக்கொண்டு வருவீர்கள். ஏஎம்5 போர்டில் டிடிஆர்5 மட்டுமே. இரண்டிலும் 288 பின்தான், ஆனால் கீழ்விளிம்பில் இருக்கும் வெட்டு இடம் மாறியிருக்கும். அழுத்தி இறக்கினால் ஸ்லாட் உடையும். அடிப்படையைப் படித்துவிட்டு வந்து கேளுங்கள்.

வடபழனி_கேமர் · 9:50
டிடிஆர்4 3200ன்னு போட்டிருக்கு. பிராசசர் 7600. யூபிஎஸ் வீட்ல இருக்கு.

குளத்தங்கரை · 9:58
டிடிஆர்4 கைல இருந்தா 7600ஐ விட்டுடு தம்பி. 5600 + பி550 எடு, அது ஏஎம்4, டிடிஆர்4 ஏறும். 2025 கடைசில இருந்து ரேம் விலை ஏறின ஏத்தத்துல, இருக்கிற ரேமை ஓரமா வச்சுட்டு புதுசு வாங்குறது வீண். ஆனா பி450 பக்கம் போகாத. 4060க்கு எட்டு லேன்தான், அதாவது டேட்டா போற பாதை. பி450ல அந்தப் பாதை பழைய பிசிஐஇ 3.0, அதுல போட்டா பாதையோட வேகமும் பாதியாயிடும். போர்டு பெட்டி மேல ‘ரைசன் 5000 டெஸ்க்டாப் ரெடி’ ஸ்டிக்கர் இருக்கான்னு பாத்துக்கோ.

பழைய_சிலிக்கான் · 10:07
2017இல் முதல் ரைசன் வந்ததே ஏஎம்4இல்தான். அதற்கு மேல் ஏற வழியில்லாத சாக்கெட்டில் இப்போது பணம் போடச் சொல்வது தவறான அறிவுரை. ஏஎம்5க்கு 2027க்குப் பிறகும் ஆதரவு உண்டு என்று ஏஎம்டியே அறிவித்திருக்கிறது.

குளத்தங்கரை · 10:13
4060 போட்டு 1080பில ஆடுறவனுக்கு கார்டுதான் முதல்ல மூச்சு வாங்கும். 5600 தாராளமாப் போதும். பின்னாடி வேணும்னா அதே போர்டுல 5800எக்ஸ்3டி பிராசசர் போட்டுக்கலாம்.

பழைய_சிலிக்கான் · 10:16
அது புதிதாகக் கிடைப்பதே அரிது. தவிர, வாலரண்ட், சிஎஸ்2 போன்றவற்றில் ஃபிரேமைத் தீர்மானிப்பது பிராசசர். என்ன கேம், மானிட்டர் எத்தனை ஹெர்ட்ஸ் என்று கேட்டீர்களா?

குளத்தங்கரை · 10:18
நீங்களும் கேக்கலையே சார். படிச்சுட்டு வான்னு திட்டத்தான் செஞ்சீங்க. முதல் தடவை மாட்டுறவன்கிட்ட பேசுற பேச்சா அது?

சால்டரிங்_அக்கா · 10:31
தம்பி, அந்த ரேமை எதுல இருந்து கழட்டின? ஸ்கேல் வச்சு நீளம் அள. டெஸ்க்டாப் ரேம் 13.3 செ.மீ. இருக்கும். ஸ்டிக்கர்ல ‘பிசி4-3200ஏஏ’ன்னு ஒரு வரி இருக்கும், அதுக்கு அடுத்த கோட்டுக்கு அப்புறம் வர்ற எழுத்து ‘யு’வா ‘எஸ்’ஸான்னு பாத்துச் சொல்லு.

வடபழனி_கேமர் · 10:44
7 செ.மீ. தான் இருக்கு. எஸ்ஏ2ன்னு போட்டிருக்கு. அண்ணனோட பழைய லேப்டாப்ல இருந்தது. ரேம்னா எல்லாம் ஒண்ணுதானேன்னு நினைச்சேன்.

சால்டரிங்_அக்கா · 11:02
அது லேப்டாப் ரேம், 260 பின். இங்க பேசின பி650, பி550 ரெண்டுலயும் ஏறாது. அடாப்டர்னு ஒண்ணு விக்கிறாங்க, அதை வாங்கிடாத. ரேமை வித்துடு, இப்போ இருக்கிற விலைக்கு நல்லாவே போகும்.

எப்படியும் ரேம் புதுசுதான்னு ஆயிட்டதால டிடிஆர்4ஐக் கட்டிட்டு அழ வேண்டியதில்ல. கைல காசு இருந்தா உன் லிஸ்ட்படியே 7600 + பி650எம் எடு. ரேம் டிடிஆர்5 6000, எக்ஸ்போன்னு (ரேமை அதோட முழு வேகத்துல ஓட்டுற செட்டிங்) போட்டிருக்கிற ஜோடி கிட், 16×2. காசு இடிச்சா 8×2. ஒத்தை ஸ்டிக் மட்டும் போட்டா ரேமோட வேகம் பாதிதான் கிடைக்கும். போர்டுல நாலு ஸ்லாட் இருந்தா பிராசசர் பக்கத்துல இருந்து எண்ணி 2, 4ல போடு. ரெண்டே ஸ்லாட்னா யோசிக்க ஒண்ணுமில்ல.

கடையை விட்டு வர்றதுக்கு முன்னாடி போர்டைத் திறக்கச் சொல்லு. சாக்கெட் மேல இருக்கிற கருப்பு மூடியைத் தூக்கி, போன் டார்ச்சைப் பக்கவாட்டுல சாய்ச்சு அடி. ஏஎம்5ல பின்னெல்லாம் போர்டுலதான் இருக்கு. எல்லாம் ஒரே மாதிரி வரிசையா மின்னணும். ஒண்ணு மட்டும் வேற பக்கமா மின்னினா அது வளைஞ்ச பின், அந்த போர்டு வேண்டாம். வீட்டுக்குக் கொண்டுவந்துட்டா நீதான் வளைச்சன்னு சொல்லிடுவாங்க, வாரண்டி கிடைக்காது. மூடியையும் தூக்கிப் போடாத, வாரண்டிக்கு அனுப்பும்போது கேப்பாங்க.

பவர் சப்ளைல வெளிய இருக்கிற 550ஐ நம்பாத, பக்கத்துல இருக்கிற ஸ்டிக்கரைப் படி. 12 வோல்ட்டுக்கு நேரா 45 ஆம்பியர்னு இருந்தா 540 வாட், நல்லது. 25 ஆம்பியர்னு இருந்தா 300 வாட்தான். மலிவானதுல இதுதான் நடக்குது.

திருகாணி · 11:15
கூலரைப் பத்தியும் சொல்லிடறேன். 7600 கூட வர்றது நாலு ஸ்குரூ வச்ச கூலர். போர்டுல ரெண்டு பக்கமும் இருக்கிற பிளாஸ்டிக் கொக்கியைக் கழட்டிட்டுத்தான் அது உக்காரும். ஸ்குரூவை எதிர்மூலையா கொஞ்சம் கொஞ்சமா முடுக்கு. ஒரு பக்கத்தை முழுசா முடுக்கிட்டா மறுபக்கம் கடிக்காது. 4060ல மூணு ஃபேன் மாடல் சிலது 30 செ.மீ. வரும், கேபினெட்ல எவ்வளவு இடம்னு பாரு. ரெண்டு ஃபேனே போதும். எச்டிஎம்ஐ வயரை கார்டுல சொருகு. 7600லயே சின்ன கிராபிக்ஸ் இருக்கிறதால போர்டுல சொருகினாலும் படம் வரும், ஆனா கேம் இழுக்கும். இதுல நிறைய பேர் ஏமாறுறாங்க.

பழைய_சிலிக்கான் · 11:24
அது லேப்டாப் ரேமாக இருக்கக்கூடும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. நான் முதலில் அதைக் கேட்டிருக்க வேண்டும். ஒன்று சேர்க்கிறேன்: டிடிஆர்5 முதல் முறை ஆன் செய்ததும் ரேமைப் பழக்கிக்கொள்ளச் சில நிமிடம் எடுக்கும். திரை கருப்பாக இருக்கும், போர்டில் ரேமைக் குறிக்கும் ‘டிராம்’ விளக்கு எரியும். பயந்து ஆஃப் செய்ய வேண்டாம். பத்து நிமிடம் பொறுங்கள்.

*(இரண்டு நாள் கழித்து)*

வடபழனி_கேமர் · மாலை 6:35
படம் வந்துடுச்சு. 7600, 16×2 எடுத்தேன். நாலு நிமிஷம் கருப்பா இருந்துச்சு, தொடாம விட்டேன். முதல் போர்டுல ஒரு பின் சாய்ஞ்சிருந்துச்சு, மாத்திக் கொடுத்தாங்க. நன்றி அக்கா, எல்லாருக்கும் நன்றி.

சால்டரிங்_அக்கா · 6:52
பயாஸ்ல எக்ஸ்போ ஆன் பண்ணியா? டாஸ்க் மேனேஜர்ல மெமரி வேகம் 4800ன்னு காட்டினா இன்னும் பண்ணலன்னு அர்த்தம்.

மின்தடை · 7:10
யூபிஎஸ் எத்தனை விஏன்னு இன்னும் சொல்லல. கேமை சேவ் பண்ணிட்டு, ஓடிட்டிருக்கும்போதே ஒரு தடவை மெயின் சுவிட்சை அணைச்சுப் பாரு. பிசி ரீஸ்டார்ட் ஆச்சுன்னா அந்த யூபிஎஸ் தாங்காது.