புதுப்பிப்பு: கேப் டவுன் மேற்குக் கரைப் பூப்பயணம்

செப்டம்பரில் கேப் டவுனிலிருந்து ஆர்27 சாலையில் வடக்கே போனால் காட்டுப்பூ பார்க்கலாமா என்று கேட்டிருந்தேனே, போய் வந்தாச்சு. "காலையிலேயே ஓடாதீங்க" என்று சொன்னவருக்கு ஒரு கும்பிடு. ஒன்பது மணிக்கு டெய்சியெல்லாம் மடக்கின குடை மாதிரி சுருண்டு கிடந்தது. வெயில் ஏறின பிறகுதான் விரிந்தது, அதுவும் சூரியனைப் பார்த்து. வெயில் உங்க முதுகில் விழுகிற மாதிரி நின்னாத்தான் பூவின் முகம் தெரியும்.

மேற்குக் கரை தேசியப் பூங்காவுக்குள் இருக்கிற போஸ்ட்பெர்க் பகுதி ஆகஸ்ட், செப்டம்பரில் மட்டும்தான் திறப்பு. ஆரஞ்சுப் பூக்களுக்கு நடுவே வரிக்குதிரை, பின்னால் லாங்கபான் காயல்! பாட்டர்னோஸ்டர் என்கிற மீனவ ஊரில் மீன் சாப்பாடு, அவ்வளவுதான்.

அசத்தியது புதைபடிவப் பூங்கா. பழைய பாஸ்பேட் சுரங்கம். சுமார் 50 லட்சம் ஆண்டுக்கு முந்தைய குட்டைக்கழுத்து ஒட்டகச்சிவிங்கியின் எலும்புகள் தோண்டின குழியிலேயே கிடக்கின்றன. மேகம் மூடின நாளை இதற்கு ஒதுக்குங்க, அன்றைக்குப் பூ விரியாது.