மண்டபத்துல எனக்கு வேலை, கீழக்கரையில வீட்டுக்காரம்மாவுக்கு வேலை, வீடு எங்க பாக்கறது?

சிங்காநல்லூர்க்காரன்:

வணக்கம் மக்களே. பொறந்ததுலருந்து கோயம்புத்தூர் விட்டு வேற எங்கயும் இருந்ததில்லைங்க. ஜூன்லருந்து எனக்கு மண்டபம் கேம்ப்ல போஸ்டிங். வீட்டுல அவங்களுக்கு கீழக்கரையில ஒரு காலேஜ்ல லெக்சரர் வேலை. ரெண்டும் ஒரே மாவட்டத்துல ஒரே நேரத்துல அமைஞ்சதேன்னு சந்தோஷப்பட்டு மேப்பத் தொறந்தா ஒண்ணு கிழக்க இருக்கு ஒண்ணு தெக்க இருக்கு. ராமநாதபுரத்துலருந்து (ராம்நாட்னு சொல்றாங்களே, அதான்) மண்டபம் 40 கிலோமீட்டர் கிட்ட வருது, கீழக்கரை 17, 18 வருது.

எனக்கு ஆபீஸ் 9.30லருந்து 5.30. அவங்க 9 மணிக்கே உள்ள இருக்கணும். பையன் மூணாங்கிளாஸ் போறான். அம்மாவும் கூட வர்றாங்க, சுகர் இருக்கு, அதனால ஆஸ்பத்திரி பக்கத்துல இருந்தா நல்லது. கார் இல்ல, ஒரு பைக், ஒரு ஸ்கூட்டி.

ராமநாதபுரம் டவுனா, நடுவுல உச்சிப்புளியா, இல்ல மண்டபத்துலயே இருந்துட்டு அவங்கள தினமும் அனுப்பறதான்னு வீட்டுல தினமும் பட்டிமன்றம். சிங்காநல்லூர்லருந்து காந்திபுரம் போறதுக்கே ட்ராஃபிக்ல முக்கால் மணி நேரம் உக்காந்து பழகுனவங்களுக்கு 40 கிலோமீட்டர் பெருசா தெரியல. ஆனா ஊர்க்காரங்க சொன்னாத்தான் தெரியும். கொஞ்சம் சொல்லுங்க.

ராம்நாட்அக்கா:

தம்பி, கிலோமீட்டர விடுங்க, அது இந்த ஊர்ல ஒரு பிரச்சினையே இல்ல. போறப்ப எல்லாரும் போயிருவாங்க. சாயங்காலம் எப்படித் திரும்பி வர்றதுங்கறதுதான் கேள்வி. மண்டபத்துல 5.30க்கு ஆபீஸ் விட்டு ரோட்டுக்கு வந்து நின்னீங்கன்னா ராமேஸ்வரத்துலருந்து மதுரை போற பஸ்ஸு எல்லாம் அங்கயே யாத்திரைக்காரங்க ஏறி நிறைஞ்சுதான் வரும். லீவு நாள்னா கண்டக்டர் படியிலயே நின்னுக்கிட்டு "மதுரை இருந்தா ஏறு, ராம்நாட் பின்னாடி வண்டி வருது"ம்பார். அந்தப் பின்னாடி வண்டி எப்ப வரும்னு அவருக்கும் தெரியாது. நின்னுக்கிட்டே வரலாம், முடியாதுன்னு சொல்லல. தினமும் முடியுமான்னு நீங்களே யோசிச்சுக்கோங்க.

என் கணக்கு என்னன்னா, உங்க வீட்டுல ரெண்டு பேரும் வெளியூர் போறீங்க, பெரியம்மாவும் பையனும்தான் பகல் பூரா வீட்டுல. அப்ப அவங்க ரெண்டு பேருக்கும் தோதான எடத்துல வீடு இருக்கணும். பள்ளிக்கூடம், மருந்துக்கடை, ஆட்டோ, பெரிய ஆஸ்பத்திரி எல்லாம் ராம்நாட்லதான். மெடிக்கல் காலேஜ் 2022ல இங்க வந்ததுக்கு அப்புறம் எதுக்கெடுத்தாலும் மதுரைக்கு ஓடுறது கொஞ்சம் குறைஞ்சிருக்கு. அதனால டவுன்லயே பாருங்க, அதுலயும் கிழக்குப் பக்கமா பாருங்க. பாரதி நகர், பட்டணம்காத்தான் பக்கம்னா ராமேஸ்வரம் ரோட்டுல ஏறிக்கலாம், பஸ் ஸ்டாண்டுக்குள்ள போயி திரும்பி வர்ற வேலை மிச்சம். கேணிக்கரை, வெளிப்பட்டணம் எல்லாம் நல்ல எடந்தான், ஆனா பழைய ஊரு, தெரு குறுகலு, வண்டி நிப்பாட்ட எடம் தேடணும்.

இப்ப முக்கியமான விஷயத்துக்கு வர்றேன், தண்ணி. நீங்க சிறுவாணி குடிச்சு வளந்தவங்க, அதனால சொல்றேன். இங்க காவிரிக் கூட்டுக் குடிநீர் வருது, ஆனா தெருவுக்குத் தெரு மொறை வேற, ஒரு தெருவுல வாரத்துல ரெண்டு தரம் வரும், அடுத்த தெருவுல எப்ப வரும்னு கேட்டா சிரிப்பாங்க. போர் தண்ணி பல எடத்துல உப்பு. வீடு பாக்கப் போறப்ப ஹால் எவ்ளோ பெருசு, கிச்சன் மாடுலரான்னு பாக்காம நேரா பாத்ரூமுக்குப் போங்க. குழாய் மூக்குல பச்சை பூத்திருக்கா, டைல்ஸ்ல வெள்ளையா படலம் ஏறியிருக்கா, பக்கெட் அடியில தடிப்பா உப்பு தட்டியிருக்கான்னு பாருங்க. குழாயைத் தொறந்து ஒரு வாய் ஊத்திப் பாத்துட்டு துப்புங்க. கையில கொஞ்சம் சோப்பு போட்டுப் பாருங்க, நுரைக்கலைன்னா அந்த வீட்டுல துணி துவைக்கிறவங்க பாவம். இதெல்லாம் பாக்கறதுக்கு இந்த வெயில் காலந்தான் சரி, ஐப்பசி கார்த்திகை மழை பேஞ்ச பொறவு வந்தா முக்காவாசி வீட்டுல தண்ணி நல்லாருக்கற மாதிரியே இருக்கும்.

தரைக்கடியில சம்ப் தொட்டி இருக்கா, தண்ணி லாரி வந்தா தெருவுக்குள்ள திரும்புமா, அதையும் கேட்டுக்கோங்க.

உச்சிப்புளி_ப்ரோ:

அக்கா சொல்றது எல்லாம் சரி, ஆனா எங்க ஊரப் பத்தி ஒரு வரி கூட சொல்லாம தாண்டிட்டாங்க 😄

ப்ரோ, உச்சிப்புளி ராம்நாட்டுக்கும் மண்டபத்துக்கும் கிட்டத்தட்ட நடுவுல. மணல் பூமி, தென்னந்தோப்பு, நிறைய எடத்துல கிணத்துத் தண்ணியே நல்லாருக்கும், அந்த பாத்ரூம் பரிசோதனை இங்க பாதிக்குப் பாதி பாஸ் ஆகும். கடற்படையோட ஐஎன்எஸ் பருந்து இங்க இருக்கறதால வெளியூர்க்காரங்க வாடகைக்கு வர்றது ஊருக்குப் பழக்கந்தான், யாரு எவருன்னு ரொம்பத் துருவ மாட்டாங்க. வாடகையும் டவுன விட கம்மி. ரயில்வே ஸ்டேஷனும் இருக்கு.

ஆனா உண்மைய மறைக்கக் கூடாது. உங்க வீட்டுக்காரங்க கீழக்கரை போகணும்னா ராம்நாட் போயி மாறித்தான் போகணும், ரெண்டு பஸ்ஸு. பெரியபட்டினம் பக்கமா கடற்கரை ஊருங்க வழியா குறுக்கால போயிரலாம்னு மேப் காட்டும், அதெல்லாம் சின்ன ரோடு, பகல்ல டூவீலர்ல போறதுக்கு அழகா இருக்கும், தினமும் 9 மணிக்கு க்ளாஸ் எடுக்கப் போறவங்க நம்பற ரூட்டு இல்ல. எக்ஸ்பிரஸ் பஸ்ஸு எல்லாமும் எங்க ஊர்ல நிக்காது. அதனால நீங்க மட்டும்னா கண்ண மூடிக்கிட்டு உச்சிப்புளி, குடும்பத்தோடன்னா அக்கா சொன்னது.

அப்புறம் பைக்குல 40 கிலோமீட்டர் போயிரலாம்னு மட்டும் நினைக்காதீங்க. ரெண்டு வழி ரோடு. வெள்ளனா அஞ்சு ஆறு மணிக்கு அக்னி தீர்த்தத்துல முழுக்குப் போடணும்னு ராத்திரி பூரா ஓட்டிட்டு வர்ற வேன் டிரைவர் கண்ணு எப்படி இருக்கும்னு சொல்ல வேண்டியதில்ல. சாயங்காலம் இருட்டுனா மாடு நடுரோட்டுல படுத்திருக்கும். வாடைக்காத்து ஆரம்பிச்சா ஐப்பசியிலருந்து மார்கழி வரைக்கும் மழை வேற, திறந்த வெளியில வண்டி ஒரு பக்கமா இழுக்கும். 2025ல நாலு வழிச்சாலைக்கு ஒப்புதல் கொடுத்தாங்களேன்னு கேப்பீங்க, அது பரமக்குடிலருந்து ராமநாதபுரம் வரைக்கும், உங்களுக்கு எதிர்த் திசை.

சிங்காநல்லூர்க்காரன்:

அக்கா, ப்ரோ, ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றிங்க. பாத்ரூம் மேட்டர் எங்கம்மாகிட்ட படிச்சுக் காமிச்சேன், "இந்தப் புள்ள விவரமானவ"ன்னு சொன்னாங்க.

ஒரு சந்தேகம். ராமநாதபுரத்துலருந்து மண்டபத்துக்கு ட்ரெயின் இருக்கே, சீசன் டிக்கெட் எடுத்துட்டா பஸ் தொல்லையே இல்லையே? யாரும் அதப் பத்திப் பேசலையே ஏன்?

பாசஞ்சர்_பயணி:

பேசாததுக்குக் காரணம் இருக்கு சகோ. ட்ரெயின் சுகம்தான், மறுக்கல. காசும் கம்மி, காத்தும் வரும், வாலாந்தரவை, உச்சிப்புளி, மண்டபம்னு வரிசையா ஸ்டேஷன், கேம்ப்புக்குன்னே தனி ஸ்டேஷன் இருக்கு. சிக்கல் என்னன்னா வண்டிங்க பகல்ல அடிக்கடி கிடையாது, இருக்கற பாசஞ்சரோட டைமும் உங்க 9.30, 5.30ஓட ஒத்துப்போகணும். டைம்டேபிள் மாத்திக்கிட்டே இருப்பாங்க, இப்போ உள்ளத நீங்களே ரயில்வே ஆப்ல பாத்துருங்க. சீசன் டிக்கெட்ட வச்சுக்கிட்டு ரிசர்வேஷன் பெட்டியில ஏற முடியாதுங்கறதையும் ஞாபகம் வச்சுக்கோங்க.

சாயங்கால வண்டி ராமேஸ்வரத்துலருந்து பாம்பன் பாலம் தாண்டித்தான் வரணும். காத்து மணிக்கு 58 கிலோமீட்டருக்கு மேல போனா பாலத்துல வண்டிய விட மாட்டாங்க, நீங்க பாலத்துக்கு இந்தப் பக்கம் இருந்தாலும் உங்க வண்டி அந்தப் பக்கம் நிக்கும். பழைய பாலம் 1914ல கட்டுனது, 2022 டிசம்பரோட அதுல ஓட்டத்த நிறுத்துனாங்க, புதுப் பாலம் 2025 ஏப்ரல் 6 திறந்தாங்க. நடுவுல ரெண்டு வருஷத்துக்கு மேல வண்டி மண்டபத்தோட, இல்லைன்னா ராமநாதபுரத்தோட நின்னுச்சு. அப்ப ட்ரெயினையே நம்பி வீடு பிடிச்ச ராமேஸ்வரம் தீவுக்காரங்க பட்ட பாட்டப் பாத்தவன் நான். ட்ரெயின ரெண்டாவது வழியா வச்சுக்கோங்க, கிடைச்சா லாபம்.

தங்கச்சிமடம்_தம்பி:

தீவுல வீடு பாருங்களேன். தங்கச்சிமடத்துல ஊத்துத் தண்ணி இனிக்கும். மண்டபம் பாலத்துக்கு அடுத்த பக்கம்தானே.

ராம்நாட்அக்கா:

தம்பி, தண்ணி நல்லாத்தான் இருக்கும், யாரு இல்லைன்னா. அந்தப் புள்ள கீழக்கரைக்கு எப்படிப் போகும்? 1988ல கட்டுன ரோட்டுப் பாலம் ரெண்டு வண்டி போற அகலந்தான், அதுல டூரிஸ்ட்டுங்க காரை ஓரங்கட்டி ரயில் பாலத்தப் பாத்து செல்ஃபி எடுத்துக்கிட்டு நிப்பாங்க. தை அமாவாசை, ஆடி அமாவாசைன்னா கேக்கவே வேணாம். ஆளுக்கு ஒரு ஊர சொல்லி அவங்களக் குழப்பாதீங்க.

கீழக்கரை_பேரன்:

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். எங்க ஊரு பேரு வந்ததால நானும் ரெண்டு வார்த்தை.

கீழக்கரை பக்கத்து காலேஜுங்க பஸ் ராம்நாட்லருந்து ஸ்டாஃபையும் பிள்ளைங்களையும் ஏத்திட்டு வர்றது வழக்கந்தான். உங்க வீட்டுக்காரங்க ஆர்டர் வாங்கறப்பவே மூணு விஷயம் கேக்கச் சொல்லுங்க: பஸ்ஸு எந்த ஸ்டாப் வழியா வருது, ஸ்டாஃபுக்குக் காசு பிடிப்பாங்களா, சாயங்காலம் ஸ்பெஷல் க்ளாஸ், மீட்டிங்குன்னு லேட்டானா பஸ்ஸு நிக்குமா கிளம்பிருமா. அந்த ஸ்டாப்புக்கு நடந்து போற தூரத்துல வீடு அமைஞ்சா அவங்க பிரச்சினை அங்கயே தீந்துச்சு. லேட்டான நாள்ல லைன் பஸ் இருக்கு. டவுன் பஸ் கிடைச்சா பொம்பளைங்களுக்கு டிக்கெட் கிடையாது, மொஃபசல், அதாவது வெளியூர் பஸ்ஸுன்னா காசு கொடுக்கணும்.

நீங்க எல்லாரும் கீழக்கரையிலயே இருக்கலாமேன்னு சொல்ல ஆசைதான். பெரிய பெரிய வீடு, ஆளுங்க வெளிநாட்டுல, மாடி பூட்டிக் கெடக்கும், நல்ல குடும்பம்னா கொடுப்பாங்க. ஆனா தெரிஞ்சவங்க மூலமாத்தான் கிடைக்கும், போர்டு மாட்டி விட மாட்டாங்க. அப்புறம் நீங்க தினமும் ராம்நாட் வந்து மண்டபம் போகணும், ஒரு நாளைக்கு 110 கிலோமீட்டருக்கு மேல. வேணாம். ஞாயித்துக்கெழமை குடும்பத்தோட வாங்க, எங்க ஊரு இனிப்பு தொதல் வாங்கித் தர்றேன்.

சிங்காநல்லூர்க்காரன்:

பாய், அந்த பஸ் விஷயம் எங்களுக்குத் தோணவே இல்லைங்க, இப்பவே காலேஜுக்கு ஃபோன் போடச் சொல்லிட்டேன். சரிங்க, வீட்டுல பேசி முடிச்சாச்சு. டவுன்தான். காலேஜ் பஸ் ஸ்டாப்ப முதல்ல தெரிஞ்சுக்கிட்டு, அதுக்கும் பாரதி நகருக்கும் நடுவுல எங்கயாச்சும் பாக்கறோம். முதல்ல 11 மாச அக்ரிமெண்ட். அடுத்த சனிக்கிழமை நானும் அவங்களும் வந்து வீடு பாக்கலாம்னு இருக்கோம்.

பாசஞ்சர்_பயணி:

சனிக்கிழமை வேணாம் சகோ. மே மாச லீவு கூட்டம், நீங்க பாக்கற ரோடு உங்க தினசரி ரோடா இருக்காது, வீட்டு ஓனருங்களும் ஊருக்குக் கிளம்பியிருப்பாங்க. கோயம்புத்தூர் - ராமேஸ்வரம் வாராந்திர வண்டி ஒண்ணு இருக்கு, செவ்வாய்க்கிழமை ராத்திரி உங்க ஊர்ல கிளம்பும், புதன் வெள்ளனா ராமநாதபுரத்துல எறங்கிறலாம். வேலை நாள். காலையில குளிச்சு டிஃபன் சாப்பிட்டு ஆபீஸ் போற நேரத்துக்கே மண்டபத்துக்கு பஸ்ஸு ஏறிப் பாருங்க, உடனே திரும்பி வந்து மத்தியானம் வீடு பாருங்க. புதன் ராத்திரி அதே வண்டி திரும்புது. டைமும் டிக்கெட்டும் ஆப்புல பாத்துக்கோங்க.

ராம்நாட்அக்கா:

வர்றப்ப ஒரு சோப்புக் கட்டி எடுத்துட்டு வாங்க. வீட்டு ஓனர் கொடுக்க மாட்டார்.