ஒரே எஞ்சினுக்கு ரெண்டு புகைபோக்கி, இது எதுக்கு?

வண்டிப்பைத்தியம்:
வேல்ஸ்ல ஃபெஸ்டினியோக்னு ஒரு குட்டி ரயில் ஓடுது, அதோட வீடியோ ஒண்ணு பாத்தேன். ஸ்டீம் எஞ்சினுக்கு முன்னாடி ஒரு புகைபோக்கி, பின்னாடி ஒரு புகைபோக்கி, நடுவுல டிரைவர் நிக்கிறாரு. ரெண்டு எஞ்சினை முதுகோட முதுகு ஒட்ட வெச்சு வெல்டு அடிச்ச மாதிரி இருக்கு. ரெண்டு எஞ்சினையே மாட்டி இழுத்துட்டு போயிருக்கலாமே, இது எதுக்கு? இன்னொண்ணு, இது தனியார் கம்பெனின்னு கமென்ட்ல போட்டிருக்காங்க, கவர்மென்ட் காசு இல்லாம இந்த காலத்துல ஸ்டீமை வெச்சு எப்படி காலம் தள்றாங்க?

கரியடுப்பு:
அது டபுள் ஃபேர்லி, ராபர்ட் ஃபேர்லின்னு ஒரு எஞ்சினியர் டிசைன் பண்ண எஞ்சின் வகை. அந்த லைன் கேஜ், அதாவது ரெண்டு தண்டவாளத்துக்கும் நடுவுல இருக்கிற அகலம், 597 மிமீ, ரெண்டு அடி கூட முழுசா இல்ல, மலையை ஒட்டி வளைஞ்சு வளைஞ்சு போகுது. ஊட்டி ரயிலே மீட்டர் கேஜ்தான், அதை விட ரொம்ப குறுகல்னா பாத்துக்கோங்க. இதுல பெரிய எஞ்சின் விட்டா நீளமான சக்கர வரிசை வளைவுல திரும்பாது, சின்ன எஞ்சின் ரெண்டு மாட்டினா டிரைவர், கரி போடுற ஃபயர்மேன் எல்லாம் டபுள் சம்பளம். ஃபேர்லி என்ன பண்ணாருன்னா நீளமா ஒரு பாய்லர், நடுவுல ஃபயர்பாக்ஸ், அதையும் தடுத்து ரெண்டு அடுப்பா ஆக்கிட்டாரு, கீழ ரெண்டு போகி (பெட்டி இல்ல, திரும்புற சக்கர வண்டி), ஒவ்வொண்ணுக்கும் தனி சிலிண்டர், போகி தனித்தனியா திரும்பும். சக்கரம் எல்லாமே இழுக்கும், வெயிட் ஒண்ணு கூட வேஸ்ட் இல்ல. ஆனா பாய்லர் கேபினை ரெண்டா பிரிச்சிடுது, டிரைவர் இந்தப் பக்கம் ஃபயர்மேன் அந்தப் பக்கம், பக்கவாட்டுல இருந்துதான் கரி போடணும். வேர்வையில குளிச்சிடுவாங்க.

மலைரயில் மணி:
மேல ஒருத்தர் சொன்னதோட ஒரு சினிமா கதையும் சேத்துக்கோங்க. ராபர்ட் ஃபேர்லி, ஜார்ஜ் இங்கிலாந்துன்னு எஞ்சின் கட்டுற முதலாளி ஒருத்தரோட பொண்ணை கூட்டிட்டு ஓடிப் போய் கல்யாணம் பண்ணிக்கிட்டாரு, மாமனார் கோர்ட் வரைக்கும் இழுத்தாரு, கேஸ் நிக்கல. கடைசியில 1869ல மாப்பிள்ளையோட டிசைன்ல 'லிட்டில் ஒண்டர்' எஞ்சின் வந்தது அந்த மாமனார் ஆரம்பிச்ச பட்டறையில இருந்துதான்! 1870 பிப்ரவரில ரஷ்யால இருந்தெல்லாம் ஆள் வந்து ட்ரையல் பாத்துட்டு போனாங்க. ஆனா சும்மா புகழ வேணாம், திரும்புற போகிக்கு ஸ்டீம் கொண்டு போற பைப் ஜாயின்ட் தேஞ்சு லீக் ஆகுறது இந்த டிசைனோட தீராத தலைவலி. லிட்டில் ஒண்டரே 1882க்குள்ள ஓஞ்சு போச்சு. அப்புறம் வந்த கேரட் (Garratt) எஞ்சின், அதாவது நடுவுல பாய்லர், ரெண்டு முனையிலயும் தனித்தனியா திரும்புற சக்கரத் தொகுதி இருக்கிற வகை, இதை விட எவ்வளவோ தேவலைன்றது என் கருத்து, சண்டைக்கு வராதீங்க.

சிலேட்டுப்பலகை:
ரெண்டாவது கேள்விக்கு யாருமே பதில் சொல்லலையே. அது 1832ல பார்லிமென்ட் சட்டம் போட்டு ஆரம்பிச்ச கம்பெனி, இன்னிக்கும் அதே கம்பெனிதான். கூரைக்கு போடுற சிலேட்டுக் கல்லை மலையில இருந்து போர்த்மடோக் துறைமுகத்துக்கு இறக்க போட்ட லைன், சுமார் 22 கிமீ. 1836ல ஓட ஆரம்பிச்சப்போ எஞ்சினே கிடையாது, லோடு வண்டி சரிவுல தானா உருண்டு வரும், பிரேக் பிடிக்க ஆள் உக்காந்திருப்பாங்க, பின்னாடி ஒரு தனி வண்டியில குதிரைங்க ஜாலியா நின்னுட்டு வரும், காலி வண்டியை திரும்ப மேல இழுக்கணும்ல அதுக்கு. ஸ்டீம் வந்தது 1863ல தான். 1946ல மூடிட்டாங்க, ஆனா லைனை கைவிட அந்த பழைய சட்டத்துல வழியே இல்ல, அதனால தண்டவாளத்தை பிடுங்காம அப்படியே துரு பிடிக்க விட்டாங்க, அதுவே கடைசியில நல்லதா போச்சு. 1954ல ஆலன் பெக்லர்னு ஒருத்தர் கம்பெனியை கைக்குள்ள கொண்டு வந்து ட்ரஸ்ட்கிட்ட கொடுத்துட்டாரு, 1955ல கொஞ்ச தூரம் ஓடிச்சு. நடுவுல மின்சார நிலையத்து ஏரி லைனை முழுங்கிடுச்சு, வாலன்டியருங்க மலையை வெட்டி சுத்து வளைவா புது லைன் போட்டு 1982ல தான் மேல லைனோட கடைசி ஊரான ப்ளைனை ஃபெஸ்டினியோக் வரைக்கும் போய் சேந்தாங்க. இப்போ டூரிஸ்ட் டிக்கெட், நன்கொடை, வாலன்டியர், இதை வெச்சுத்தான் வண்டி ஓடுது. சம்பள ஆளும் இருக்காங்க.

கரியடுப்பு:
முக்கியமானதை விட்டுட்டீங்க, சொந்தமா பாஸ்டன் லாட்ஜ் ஒர்க்‌ஷாப் இருக்கு. 1879ல மெர்தின் எம்ரிஸ் எஞ்சினை அங்கதான் கட்டினாங்க, அது இன்னும் ஓடுது. 1992லயும் அங்கயே புதுசா ஒரு டபுள் ஃபேர்லி கட்டியிருக்காங்க. ஸ்பேர் பார்ட்ஸுக்கு யார்கிட்டயும் கையேந்த வேண்டாம்ல, அதான் மேட்டர். நடுவுல கொஞ்ச வருஷம் ஆயில்ல ஓட்டிட்டு திரும்பவும் கரிக்கே வந்துட்டாங்க.

வண்டிப்பைத்தியம்:
அட, மாமனார் கதை சூப்பர் 😂 அப்போ ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கிறதால எஞ்சினை திருப்பி விடுற சுழல் மேடை, அதான் டர்ன்டேபிள், தேவையில்லயா?

மலைரயில் மணி:
தேவையே இல்ல, கடைசி ஸ்டேஷன்ல கழட்டி பக்கத்து லைன்ல சுத்தி வந்து மறுமுனையில மாட்டிடுவாங்க. போறதா இருந்தா போர்த்மடோக் ஸ்டேஷன்லயே நில்லுங்க, அதே கம்பெனியோட வெல்ஷ் ஹைலேண்ட் லைனும் அங்கதான் வருது, தென்னாப்பிரிக்காவுல இருந்து வந்த கேரட் அதுல ஓடுது. ரெண்டையும் பாத்துட்டு எது பெட்டர்னு இங்க வந்து சொல்லுங்க.