முத்தம்மா ஆயா குடும்பம், சாட்ஸ்வர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா: கராஜ் விஷயம்

செல்வி அக்கா: எல்லாரும் கேளுங்க. சனிக்கிழமை புரட்டாசி படையல் ஆயா வீட்டு கராஜ்லதான். நாப்பது பேருக்கு இலை போடணும், நடுவுல அந்த ட்ரெட்மில் நிக்குது. தூக்கிட்டு போக யார்ட்ட பேக்கி வண்டி இருக்கு, பின்னாடி சாமான் ஏத்துற மாதிரி??

சிவா: என் பேக்கி கிளட்ச் போச்சு

தேவன்: நான் ஜோபர்க்ல இருக்கேன், என்னை பாக்காதீங்க

செல்வி அக்கா: உன்னை எப்ப பாத்தோம்

சிவா: வித்துடலாம் அக்கா. ஃபேஸ்புக்ல போட்டா நாளைக்கே போயிரும். அதுல நடந்தது மூணு மாசம், மீதி வருஷமெல்லாம் ஆயா சேலைதான் காயுது

பெரியப்பா: விக்கிறதுக்கு முன்னாடி அது ஏன் வந்துச்சுன்னு யோசிக்கணும். 2020 மார்ச் 27 லாக்டவுன், லெவல் 5, அப்ப ரோட்டுல நடக்கவும் கூடாது ஓடவும் கூடாது, நாயைக்கூட வெளிய கூட்டிட்டு போகக்கூடாது, சாமான் வாங்க மருந்து வாங்க மட்டும்தான், சிகரெட் இல்ல தண்ணி இல்ல, அஞ்சு வாரம் அப்படியே கெடந்தோம், அப்புறம் மே 1 லெவல் 4 வந்ததும் காலைல 6லருந்து 9 வரைக்கும், வீட்டுலருந்து 5 கிலோமீட்டருக்குள்ள, கூட்டம் சேராம நடக்கலாம்னு விட்டாங்க

சிவா: தமிழ்லதான் டைப் பண்ணணும்னு ரூல் போட்டது நீங்க. கொஞ்சம் குட்டியா போடுங்க பெரியப்பா, நான் எழுத்து கூட்டி படிக்கிறேன்

பெரியப்பா: படி. அன்னைக்கு காலைல நம்ம ரோட்ட பாத்திருக்கணும், திருவிழா மாதிரி. டாக்டர் பத்து வருஷமா சுகருக்கு நடங்க நடங்கன்னு சொல்லியும் கேட்ட தாண்டாத ஆளெல்லாம் ஆறு மணிக்கு மாஸ்க் போட்டு நிக்கிறான். ஜூன்ல லெவல் 3, சாயங்காலம் 6 வரைக்கும் நடக்கலாம்னு சொன்னதும் பாதி பேர காணோம். எப்ப வேணா போலாம்னதும் எவனும் போகல

செல்வி அக்கா: நீங்களும்தான் 😂

பெரியப்பா: எனக்கு முட்டி வலி

தேவன்: சிவா அண்ணா லெவல் 5ல ஆயா பேக்யார்ட சுத்தி சுத்தி ஓடினது ஞாபகம் இருக்கா, காம்ரேட்ஸ் மாரத்தானுக்கு ரெடியாகிறேன்னு

செல்வி அக்கா: அந்த வட்டத்துல இன்னும் புல் முளைக்கல. கத்தரிச் செடியும் போச்சு

சிவா: ரேஸ கேன்சல் பண்ணா நான் என்ன பண்ண. 2020 இல்ல, 2021 இல்ல

தேவன்: 2022 ஆகஸ்ட்ல நடந்துச்சே. மாரிட்ஸ்பர்க்லருந்து டர்பனுக்கு, இறக்கம் வேற

சிவா: 90 கிலோமீட்டர இறக்கம்ங்கிறான் பாரு

கமலா அத்தை: அது அவர் வாங்குனது

செல்வி அக்கா: தெரியும் அத்தை. சும்மா பேசிட்டிருக்கோம்

கமலா அத்தை: வெளிய விடலன்னு வாங்குனாரு. சுகர் இருக்கிறவங்களுக்கு கொரோனா வந்தா கஷ்டம்னு ரேடியோல கேட்டுட்டு பயந்து, மாசாமாசம் கட்டுற மாதிரி. என் ஃப்ளாட்ல இடமில்லன்னு அம்மா கராஜ்ல வெச்சோம், ரோட்டுல நடக்க விட்டப்புறமும் தினம் சாயங்காலம் இங்க வந்து நடப்பாரு. 2021 ஜனவரில போயிட்டாரு. மிச்ச பணத்த நான்தான் கட்டினேன். காரியத்துக்கு 50 பேருக்கு மேல கூடாதுன்னாங்க, அவ்வளவு பேர் எங்க வந்தாங்க, சிவா வந்தான். பெரியண்ணன் வரல

பெரியப்பா: எனக்கு அப்ப பாசிட்டிவ் கமலா. எத்தனை தடவை சொல்றது

கமலா அத்தை: நான் ஒண்ணும் சொல்லலையே

செல்வி அக்கா: சரி சரி. பூசணிக்காய் யார் வாங்குறா? சோஜி நான் கிண்டுறேன்

தேவன்: வெள்ளிக்கிழமை ராத்திரி வந்துருவேன். சனிக்கிழமை காலைல சில்வர்கிளென்ல எல்லாரும் ஒரு நடை போலாமா, சமையலுக்கு முன்னாடி

சிவா: நான் ரெடி. நிஷா வரமாட்டா, சோம்பேறி

நிஷா: அண்ணா கொரோனாவுக்கு முன்னாடி சனிக்கிழமை சனிக்கிழமை பார்க்ரன்ல அஞ்சு கிலோமீட்டர் ஓடினவ நான், நீ படுத்திருப்ப. எனக்கு வந்து போனதுலருந்து நாலு படி ஏறி நெஞ்சு படபடன்னா போதும், திரும்ப அதுதானோன்னு கை காலெல்லாம் வேர்த்துரும். டாக்டர் ஒண்ணுமில்லம்மா கொஞ்சம் கொஞ்சமா கூட்டுங்கன்னாரு. ரோட்டுல நடுவுல மூச்சு வாங்கி நின்னா ஒவ்வொரு கேட்லயும் என்னம்மா என்னம்மான்னு கேப்பாங்க. அதான் அந்த மெஷின்ல நடக்கிறேன். முதல்ல ரெண்டு நிமிஷம், இப்ப பன்னெண்டு

செல்வி அக்கா: எந்த மெஷின்

நிஷா: அதுலதான். புதன்கிழமை ஆயா டிவி பாக்குறப்ப. சேலையெல்லாம் எடுத்து மடிச்சு வெச்சிட்டு

சிவா: அடிப்பாவி. யாரோ வந்து துணி மடிச்சுட்டு போறாங்கன்னு ஆயா சொன்னப்ப நாங்க அவங்களுக்கு வயசாயிருச்சுன்னு நெனச்சோம்

கமலா அத்தை: நீ நட மா. யார்ட்டயும் கேக்க வேண்டாம்

கமலா அத்தை: பெல்ட்டுக்கு எண்ணெய் விடணும், அவர் விடுவாரு

செல்வி அக்கா: அப்ப மெஷின் எங்கயும் போகல. நாப்பது பேர் எங்க உக்காருவாங்க அத யாராவது சொல்லுங்க

பெரியப்பா: அது மடிக்கிற மாடலா?

சிவா: மடிக்காட்டியும் சுவத்தோரம் தள்ளி மேல வெள்ளை வேட்டி போட்டு பெருமாள் படத்த வெச்சிடலாம்

பெரியப்பா: பெருமாள கொண்டுபோய் ட்ரெட்மில் மேலயா

தேவன்: அவரும் பன்னெண்டு நிமிஷம் நடக்கட்டும்

கமலா அத்தை: இந்த மெசேஜ் அழிக்கப்பட்டது

செல்வி அக்கா: என்ன அத்தை?

ஆயா: வாய்ஸ் மெசேஜ் 0:41

செல்வி அக்கா: டிவி சத்தம்தான் கேக்குது. யாருக்காவது புரிஞ்சுதா

நிஷா: அப்ப துணிய எங்க காயப்போடறதுன்னு கேக்குறாங்க