மூன்றில் ஒரு பங்கு மக்கள் பார்த்தார்களாம்: எண்ணியது யார்?

வைகைக்கரையான்:
செம்பருத்தி அவர்கள் நேற்று இங்கே எழுதிய பதிவை இரண்டு முறை படித்தேன். இரண்டு முறையும் எரிச்சல்தான் மிஞ்சியது. ஆப்கானிஸ்தானில் துப்பாக்கியால் முடியாததை 'ஆப்கான் ஸ்டார்' என்ற பாட்டுப் போட்டி செய்து காட்டியது என்று புகழ்ந்துவிட்டு, 2008ஆம் ஆண்டு இறுதிச் சுற்றை 1 கோடியே 10 லட்சம் பேர், அதாவது நாட்டு மக்களில் மூன்றில் ஒரு பங்கினர் பார்த்தார்கள் என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறார். புகழ்வது அவரவர் விருப்பம், எண் அப்படியல்ல. மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 27 ஆண்டுகள் வீடு வீடாக ஏறி இறங்கியவன் என்ற முறையில் கேட்கிறேன். அந்த நாட்டில் 1979இல் தொடங்கிய கணக்கெடுப்பு சண்டையால் முழுமை பெறாமலே நின்றது. 2008இல் மக்கள்தொகை இரண்டரைக் கோடி என்றவர்களும் உண்டு, மூன்றேகால் கோடி என்றவர்களும் உண்டு. மொத்தமே தெரியாத நாட்டில் மூன்றில் ஒரு பங்கை எண்ணியது யார்?

செம்பருத்தி:
ஐயா, நான் எழுதிய பன்னிரண்டு பத்திகளில் உங்கள் கண்ணில் பட்டது அந்த ஒரு வரி மட்டும்தானா? 1996 முதல் 2001 வரை தாலிபான் ஆட்சியில் ஒலிநாடாக்களைப் பிடுங்கி, உள்ளிருக்கும் நாடாவை உருவிச் சோதனைச் சாவடிக் கம்பங்களில் தோரணம் போலத் தொங்கவிட்டிருந்தார்கள். அதே நாட்டில் 2005இல் டோலோ தொலைக்காட்சி இந்தப் போட்டியைத் தொடங்கியது. 2008இல் நிறைவடைந்த மூன்றாம் பருவத்துக்கு ஏறத்தாழ 2,000 பேர் குரல் தேர்வுக்கு வந்தார்கள். அவர்களில் பெண்கள் மூவரே. தாஜிக் இனத்து ரஃபி நாப்சாதா முதலிடமும், ஹசாரா இனத்து ஹமீத் சகிசாதா இரண்டாமிடமும், காந்தஹாரிலிருந்து வந்த பஷ்தூன் பெண் லீமா சஹர் மூன்றாமிடமும் பெற்றார்கள். 1990களில் இந்த இனங்களின் பெயரால் காபூல் தெருக்களில் ராக்கெட் வீசிக்கொண்டவர்களின் பிள்ளைகள் கைப்பேசிக் குறுஞ்செய்தியால் மோதிக்கொண்டார்கள். இதை நம்பிக்கை என்று சொல்லாமல் வேறு என்னவென்று சொல்வது?

வைகைக்கரையான்:
நம்பிக்கையைப் பற்றி நான் ஒன்றும் கேட்கவில்லையே அம்மா. எண்ணியது யார் என்றுதான் கேட்டேன், அதற்கு இன்னும் பதில் வரவில்லை. குறுஞ்செய்தி என்று நீங்களே எடுத்துக் கொடுத்ததால் சொல்கிறேன்: தங்கள் ஊர்ப் பாடகருக்காக ஒருவரே கட்டுக் கட்டாகச் சிம் அட்டை வாங்கி வாக்கு அனுப்பிய போட்டி அது. 2004 அக்டோபரில் நடந்த குடியரசுத் தலைவர் தேர்தலில் விரல் மை அழிகிறது என்று நாடே புகார் சொன்னது. இங்கே மையே இல்லை, காசு இருந்தால் போதும். தலைக்கு ஒரு வாக்கு என்ற விதியில்லாத போட்டியின் வாக்குகளை வைத்துப் பார்வையாளர்களை எண்ணினார்களா, அல்லது நிகழ்ச்சி நடத்தியவர்கள் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டார்களா?

ஒயர்மேன் மணி:
நான் 2007 முதல் இரண்டு ஆண்டுகள் காபூலுக்கு வெளியே ஒரு கட்டுமான முகாமில் மின்வேலை பார்த்தவன். அந்த இறுதிச் சுற்று நடந்த மார்ச் மாத இரவில், முகாமுக்கு எதிரே இருந்த ரொட்டிக் கடையில் நின்றிருந்தேன். மின்சாரம் வழக்கம் போல இல்லை. கடைக்காரர் கல்லாவுக்கு அடியில் கார் பேட்டரி ஒன்றை வைத்து, அதில் இரண்டு கம்பிகளைக் கவ்வவிட்டு, பதினான்கு அங்குலப் பெட்டியை ஓடவிட்டிருந்தார். கம்பி சூடேறும்போதெல்லாம் ஈரத்துணியால் சுற்றினார். அதைப் பார்த்து ஒயர்மேனான எனக்குத்தான் நெஞ்சு அடித்துக்கொண்டது. கடைக்குள்ளும் வாசலில் உருகிக் கிடந்த பனிச் சேற்றிலுமாக நாற்பது பேர் நின்றிருப்பார்கள். ஒரு பெண்ணின் பாட்டு வந்தபோது பெரியவர் ஒருவர் முகத்தை அடுப்புப் பக்கம் திருப்பிக்கொண்டார், ஆனால் பாட்டு முடியும் வரை கடையை விட்டு நகரவில்லை. எண் எனக்குத் தெரியாது அண்ணா, அந்தப் பெரியவரைத் தெரியும்.

வைகைக்கரையான்:
தம்பி மணி நாற்பது பேரை நேரில் எண்ணியிருக்கிறார், ஏற்றுக்கொள்கிறேன். மீதியிருக்கும் 1,09,99,960 பேரை எண்ணியது யார்?

நெய்தல் நிலவன்:
நீங்கள் தலைகளை எண்ணிக்கொண்டிருங்கள். அந்தப் பருவத்திலேயே ஹெராத் நகரத்துப் பெண் சேத்தாரா ஹுசைன்சாதா, போட்டியிலிருந்து வெளியேறும் நாளில் கடைசிப் பாட்டைப் பாடும்போது மேடையில் ஆடினார். முக்காடு தோளில் விழுந்தது. அதன்பின் அவருக்குக் கொலை மிரட்டல்கள் வந்தன, சொந்த ஊரில் தலைகாட்ட முடியாத நிலை வந்தது. விளம்பரக் காசு தொலைக்காட்சிக்கு, குறுஞ்செய்திக் காசு கைப்பேசி நிறுவனத்துக்கு, மிரட்டல் மட்டும் அந்தப் பெண்ணுக்கு என்று பங்கு பிரித்துக்கொண்ட ஏற்பாட்டையா செம்பருத்தி நம்பிக்கை என்கிறார்?

செம்பருத்தி:
ஆடினார் என்று நீங்களுமா எழுதுகிறீர்கள்? பாட்டின் தாளத்துக்கு நாலடி அசைந்தார், அவ்வளவுதான். ஆட்டம், ஆட்டம் என்று சொல்லிச் சொல்லித்தான் அவரை ஊரைவிட்டு விரட்டினார்கள்.

நெய்தல் நிலவன்:
அது ஆட்டம்தான். ஆடவில்லை, அசைந்தார் என்று மழுப்புவது அவரை மிரட்டியவர்களிடம் மன்னிப்புக் கேட்பதற்குச் சமம். ஆடினார், ஆடுவதற்கு அவருக்கு உரிமை உண்டு என்று சொல்லிப் பழகுங்கள். 2024இல் ஆப்கான் அணி இருபது ஓவர் உலகக் கோப்பை அரையிறுதிக்கு வந்தபோதும் நீங்கள் இப்படித்தான் ஆனந்தக் கண்ணீர் வடித்தீர்கள். அந்நாட்டுப் பெண்கள் அணி எங்கே என்று நான் கேட்டதற்கு இன்றுவரை பதில் இல்லை.

செம்பருத்தி:
அந்த விவாதத்தில் என்னைக் 'கண்ணீர் வியாபாரி' என்று அழைத்தவர் நீங்கள். அதை நான் மறக்கவில்லை. மன்னிப்பைப் பற்றி நீங்கள் பாடம் நடத்த வேண்டாம்.

வைகைக்கரையான்:
ஆட்டமா அசைவா என்பதை நீங்கள் இருவரும் தனியே பேசித் தீர்த்துக்கொள்ளலாம். இங்கே கேள்வி ஒன்றுதான்: 1 கோடியே 10 லட்சம்.

ஒயர்மேன் மணி:
அண்ணா, எண்ணாத கூட்டம் கூட்டமே இல்லையா?

வைகைக்கரையான்:
கூட்டம்தான் தம்பி, ஆனால் மூன்றில் ஒரு பங்கு என்று சொல்ல முடியாத கூட்டம். 1991 கணக்கெடுப்பின்போது ஒரு மலைக்கிராமத்தில் பதினோரு குடிசைகளுக்காக ஒன்பது கிலோமீட்டர் நடந்தவன் நான். கிழக்கே ஜலாலாபாத்தில் எத்தனை வீட்டில் பெட்டி இருந்தது, தெற்கே ஹெல்மந்தில் எத்தனை கிராமத்தில் அலைவரிசை எட்டியது, ஒரு பெட்டிக்கு முன்னால் பெண்கள் உட்கார அனுமதி இருந்ததா என்பதையெல்லாம் கேட்காமல் எழுதப்பட்ட எண், எண்ணே அல்ல. பெண்களை வீட்டுக்குள் சென்று எண்ணவே முடியாத ஊர்களில் அவர்கள் பாட்டுக் கேட்டதை எப்படி எண்ணினார்கள்?

செம்பருத்தி:
அப்படியானால் எண்ணக்கூடியவற்றையே தருகிறேன். 2016 ஜனவரியில் காபூலில் டோலோ ஊழியர்கள் சென்ற பேருந்தைத் தாலிபான் தற்கொலைப்படை தாக்கியது. இறந்த ஊழியர்கள் 7 பேர். 2019இல் சஹ்ரா இல்ஹாம் இந்தப் போட்டியில் வென்றார். 14 பருவங்களில் வென்ற பெண் அவர் ஒருவரே. 2021 ஆகஸ்ட் 15இல் தாலிபான் காபூலுக்குள் நுழைந்த பிறகு மேடையும் இல்லை, பாட்டும் இல்லை. 2024இல் அவர்கள் கொண்டுவந்த ஒழுக்கச் சட்டம் பெண்ணின் குரலே பொதுவெளியில் மறைக்கப்பட வேண்டியது என்கிறது. பாட்டால் ஒன்றும் ஆகாது என்றால் அதற்கு ஏன் இத்தனை அச்சம்?

நெய்தல் நிலவன்:
2021ஐ நீங்களே கொண்டுவந்துவிட்டீர்கள். 16 ஆண்டுகளின் நம்பிக்கை ஒரே ஞாயிற்றுக்கிழமையில் கலைந்தது என்றால், அது என்ன நம்பிக்கை?

ஒயர்மேன் மணி:
அந்த ஞாயிறன்று அந்த ரொட்டிக் கடைக்காரர் என்ன செய்தாரோ என்றுதான் எனக்கு நினைவு போகிறது. பெட்டியை விற்றிருப்பார், பேட்டரியை வைத்துக்கொண்டிருப்பார்.

வைகைக்கரையான்:
7 சரி, 14 சரி, 1 சரி. இவை எண்கள். இறந்தவர்களுக்காக எனக்கும் வருத்தம் உண்டு, கல் நெஞ்சுக்காரன் என்று யாரும் எழுத வேண்டாம். ஆனால் இத்தனை சரியான எண்கள் கையில் இருக்கும்போது அந்தத் தவறான எண் எதற்கு?

செம்பருத்தி:
தவறு என்று நீங்களும் நிறுவவில்லையே ஐயா. பார்க்கவில்லை என்று எண்ணியது யார்?

வைகைக்கரையான்:
சொன்னவர்தான் நிறுவ வேண்டும். நாளை பேரனுக்குக் காது குத்து, திங்கட்கிழமை வரை இந்தப் பக்கம் வரமாட்டேன். அதற்குள் செம்பருத்தி அவர்கள் தம் பதிவிலிருந்து அந்த ஒரு வரியை மட்டும் நீக்கிவிட்டால் போதும்.

செம்பருத்தி:
நீக்கமாட்டேன். காது குத்துக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்று திங்கட்கிழமை எண்ணிச் சொல்லுங்கள்.